கம்பளையில் நிற்காத சுற்றுலா பஸ்

ஊவா மாகாணத்துத் தோட்டப் பாடசாலையொன்றின் கல்விச் சுற்றுலா, பெரும்பாலும் விடியுமுன்னே பதுளையிலோ பசறையிலோ லுணுகலையிலோ புறப்பட்டு, வெலிமடை வழியாக மலையேறி, ஹக்கலைப் பூங்காவில் சற்று இளைப்பாறி, நுவரெலியாவையும் புசல்லாவையையும் கடந்து, பேராதனைப் பூந்தோட்டத்தையும் கண்டி தலதா மாளிகையையும் நோக்கி விரைகின்ற பிரயாணமாக அமைகிறது. நேரமும் பணமும் இடங்கொடுத்தால் அது சீகிரியா வரையும் அனுராதபுரம் வரையும் நீளும். தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையைக் காணும் பாக்கியம் பெற்ற பிள்ளைகளும் உண்டு. இவையெல்லாம் காணத்தக்க இடங்களே. இந்நாட்டுப் பிள்ளைகள் அனைவருக்கும் உரிமையான இடங்களே. ஆயினும் அதே நெடுஞ்சாலையில் பேராதனைக்கு முன்பாகவே வந்துவிடுகின்ற கம்பளையில் நமது சுற்றுலா பஸ்கள் அநேகமாக நிற்பதில்லை என்பது நெடுங்காலமாக என் மனத்தை உறுத்திவருகின்ற விஷயம்.

கம்பளையை அடுத்த தோட்டமொன்றிலே, பழைய லயமொன்றைப் பழுதுபார்த்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வாழ்க்கைக்கென்றே ஒரு நூதனசாலையையும் ஆவணக் காப்பகத்தையும் 2007ஆம் ஆண்டிலே சமூக அபிவிருத்தி நிறுவகத்தார் அமைத்தார்கள். தொழிற் கருவிகளும் வீட்டுப் பாத்திரங்களும் அணிகலன்களும் புகைப்படங்களும் பழைய பத்திரங்களும் அங்கே சேகரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. அந்த ஊரும் இதற்குப் பொருத்தமானதே. 1820களில் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் முதன்முதலாகப் பெருந்தோட்ட முறையிலே கோப்பி பயிரிட்டது கம்பளையை அடுத்த சிங்ஹபிட்டியவிலேதான். தென்னிந்தியத் தொழிலாளர் மலைநாட்டுக்கு வந்து குடியேறிய கதையின் முதல் அத்தியாயமும் அந்தச் சூழலிலேயே எழுதப்பட்டது. 2023ஆம் ஆண்டில், அந்த வருகையின் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரையில் முன்னோர் நடந்த வழியிலே ஒரு கூட்டம் கால்நடையாகவே நடந்து சென்றதைப் பத்திரிகை வாசகர்கள் அறிவார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் அவ்வளவு தூரம் நடக்க வேண்டியதில்லை. அவர்கள் ஏறிச் செல்லும் பஸ் வண்டியைக் கம்பளையில் அரைநாள் நிறுத்தி வைத்தாற் போதும்.

ஆனால் நிறுத்தி வைப்பதால் மாத்திரம் பிரயோஜனம் விளையாது. லயத்திலே பிறந்து, லயத்திலே வளர்ந்து, அன்று விடியற்காலையில் லயத்திலிருந்தே புறப்பட்டு வந்த ஒரு சிறுமியை அழைத்துச் சென்று, பழைய லயத்துக் காம்பரா ஒன்றைக் காட்டி, இது சரித்திரம் என்று உபாத்தியாயர் சொன்னால், அவள் மனத்தில் என்ன தோன்றும் என்று நாம் யோசிக்க வேண்டும். தன் வீட்டு இஸ்தோப்பும், புகை படிந்த தன் வீட்டு அடுப்படியும், தன் அப்பாயி இன்றும் புழங்குகின்ற அண்டாவும் அம்மியும் பிறர் வந்து பார்க்கும் காட்சிப் பொருள்களாகிவிட்டனவே என்று அவள் கூசலாம். அல்லது, இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று சலிப்புற்று வெளியே ஓடிவிடலாம். அனுராதபுரத்துத் தூபியைக் காணும் பிள்ளைக்கு இந்தச் சங்கடம் இல்லை, ஏனெனில் தூபிக்கும் அவளுக்கும் இடையே ஈராயிரம் ஆண்டுகள் நிற்கின்றன. இங்கேயோ சரித்திரத்துக்கும் அவளுக்கும் இடையே ஒரு சுவர்கூட இல்லை. நாட்டின் வேறெந்தப் பாடசாலையின் சுற்றுலாவுக்கும் வேண்டாத ஆயத்தம் தோட்டப் பாடசாலையின் இந்தச் சுற்றுலாவுக்கு வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனாலேயே. அந்த ஆயத்தம் பஸ்ஸுக்குச் சொல்வதற்கும் சோற்றுப் பார்சல் கட்டுவதற்கும் முன்னால், பிள்ளையின் வீட்டிலேயே தொடங்க வேண்டும்.

சுற்றுலாவுக்கு ஒரு மாதம் முன்பாகவே பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கொப்பியைக் கொடுத்து, வீட்டிலும் அயல் காம்பராக்களிலும் உள்ள முதியவர்களிடம் கேட்டு எழுதி வரும்படி சொல்ல வேண்டும். நம் குடும்பம் இந்தியாவில் எந்த ஊரிலிருந்து வந்தது, திருச்சியா, சேலமா, இராமநாதபுரமா, புதுக்கோட்டையா? எந்தக் கங்காணியின் கீழே வந்தார்கள்? இந்தத் தோட்டத்துக்கு முன்னால் எந்தத் தோட்டத்தில் பேர் பதிந்திருந்தார்கள்? கம்பனிக் கணக்கில் இந்தத் தோட்டத்துக்கு இருக்கும் ஆங்கிலப் பெயர் ஒன்று. தொழிலாளர் வாயில் வழங்கும் தமிழ்ப் பெயர் வேறொன்று. அந்தப் பெயர் எப்படி வந்தது? பெரட்டுக்களம் முன்பு எங்கே இருந்தது, பிள்ளைக் காம்பராவில் யார் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள், காமன் கூத்தில் யார் ரதி வேஷங் கட்டினார்கள், தப்பு அடித்தவர் யார்? இவற்றையெல்லாம் எந்தப் பாடப்புத்தகமும் சொல்லவில்லை. சொல்லக்கூடியவர்களோ ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கிறார்கள். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் களைத்து உட்கார்ந்திருக்கும் அம்மாயியிடம் பேத்தி வந்து, "அம்மாயி, ஒங்க அம்மா கப்பல்லயா வந்தாங்க?" என்று கேட்கும்போது, அந்த முதியவளுக்கு வாழ்நாளில் யாரும் கேட்டிராத கேள்வியொன்று கேட்கப்படுகிறது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இப்படிக் கிடைக்கும் விடைகளை வகுப்பறைச் சுவரிலே ஒரு தேசப்படத்தில் குறித்துக்கொண்டே வந்தால், பெரிய சரித்திரம் தானாகவே வடிவெடுக்கும். மண்டபம் முகாம் என்று ஒரு கிழவர் சொல்லியிருப்பார். அங்கே தொற்றுநோய்ப் பரிசோதனைக்காக ஆட்களைத் தடுத்து வைத்திருந்த செய்தியை உபாத்தியாயர் எடுத்துரைக்கலாம். 1914ஆம் ஆண்டிலே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ரயிலோடு இணைந்த கப்பற் போக்குவரத்துத் தொடங்கியதையும், அதற்கு முன்னால் வந்தவர்கள் காட்டுவழியே நடந்து வந்ததையும், வழியிலேயே எண்ணற்றோர் மாண்டதையும் அந்தத் தேசப்படத்தின் மீதே காட்டலாம். தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்துக் கழுத்திலே தொங்கவிடப்பட்ட தகர வில்லைகளைப் பற்றியும், கடன் தீராமல் ஒருவன் ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குப் போகவொட்டாமல் கட்டிப்போட்டு, 1921ஆம் ஆண்டிலே சட்டத்தால் ஒழிக்கப்பட்ட துண்டு முறையைப் பற்றியும் முன்கூட்டியே கேள்விப்பட்ட பிள்ளைக்கு, நூதனசாலையின் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் சிறு பொருளும் பேசத் தொடங்கும். சில வீடுகளிலே தகரப் பெட்டியின் அடியில் இந்தியக் கடவுச்சீட்டு ஒன்று உறங்கிக்கொண்டிருக்கலாம். 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்த பிரஜாவுரிமையையும், 1964ஆம் ஆண்டிலே சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரியாரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டதையும், 2003ஆம் ஆண்டிலேதான் எஞ்சியோருக்கு வழி பிறந்ததையும் அந்தக் கடவுச்சீட்டை வைத்தே விளக்கலாம். ஒப்பந்தத்தால் பிரிந்துபோன சித்தப்பாவும் அத்தையும் இல்லாத தோட்டக் குடும்பம் அரிது. ஆகவே இது பிள்ளைகளுக்குத் தூரத்து அரசியலாக இருக்காது.

இவ்வளவும் ஆனபின்பு, உபாத்தியாயர் ஒருவர் தாமே முன்கூட்டிக் கம்பளைக்கு ஒருமுறை போய்வர வேண்டும். இதனை வீண் செலவென்று அதிபர்கள் கருதலாகாது. தாம் பார்த்திராத இடத்துக்கு நாற்பது பிள்ளைகளை அழைத்துச் செல்லும் உபாத்தியாயர், அங்கே வாசலில் நின்று தலைகளை எண்ணுவதிலேயே நேரத்தைக் கழிப்பார். முன்பே பார்த்தவரோ எந்தப் பொருளின் முன்னால் நிற்பது, எதைக் கடந்து போவது, எந்தப் பிள்ளையின் வீட்டுக் கதை எந்தப் படத்தோடு ஒட்டும் என்று தீர்மானித்துக்கொண்டு வருவார். திறந்திருக்கும் நாளையும் வேளையையும் உறுதிப்படுத்திக்கொண்டு, விளக்கிச் சொல்ல ஒருவரைக் கேட்டுக்கொள்வதும் அப்போதே ஆக வேண்டிய காரியம்.

பழைய லயத்துக் காம்பரா பொதுவாக 10 அடிக்கு 12 அடி என்று சொல்வார்கள். அத்தகைய அறைக்குள்ளே ஒரு வகுப்பு முழுவதையும் நெருக்கித் தள்ளினால் முன்னால் நிற்பவரின் முதுகைத் தவிர யாருக்கும் எதுவும் தெரியாது. எட்டுப் பத்துப் பேராக உள்ளே அனுப்பி, ஏனையோரை வெளியிலே வேறு வேலையில் ஈடுபடுத்துவதே தக்கது. ஒரு கூட்டத்தார் லயத்தைப் படமாக வரையட்டும். மற்றொரு கூட்டத்தார் அளவு நாடாவால் காம்பராவையும் இஸ்தோப்பையும் அளக்கட்டும். புறப்படுமுன் தங்கள் சொந்தக் காம்பராவையும் அவர்கள் அளந்து எழுதிக்கொண்டு வந்திருக்க வேண்டும். நூற்றாண்டுக்கு முந்திய அறையின் அளவும் தாம் இன்று உறங்கும் அறையின் அளவும் கொப்பியில் பக்கத்துக்குப் பக்கம் இருக்கும்போது, எது பழங்கதையாயிற்று, எது இன்னும் ஆகவில்லை என்று அவர்களே கேட்பார்கள். அந்தக் கேள்வியை அடக்கிவிடாமல் கேட்க விடுவது உபாத்தியாயரின் கடமை. வறுமையைக் காட்டி இரங்க வைப்பதற்காக நாம் அவர்களை அங்கே கொண்டுபோகவில்லை. தம் முன்னோர் இந்நாட்டின் செல்வத்தை உண்டாக்கியவர்கள் என்பதையும், அதற்கு ஈடாக என்ன பெற்றார்கள் என்பதையும் தெளிந்த கண்ணோடு அவர்கள் பார்க்க வேண்டுமென்பதற்காகவே கொண்டுபோகிறோம்.

அன்றைய தினமே பிற்பகலில் கண்டி ஹந்தானையிலுள்ள தேயிலை நூதனசாலைக்கும் அவர்களை அழைத்துச் செல்ல வேண்டும் என்பது என் அபிப்பிராயம். 1925ஆம் ஆண்டிலே கட்டப்பட்டு, பின்னர் கைவிடப்பட்டுக் கிடந்த தேயிலைத் தொழிற்சாலையைப் புதுப்பித்து 2001ஆம் ஆண்டிலே திறந்த அந்த இடத்தில், கொழுந்தை அரைக்கும் பழைய யந்திரங்களும் உலர்த்தும் அடுப்புகளும் எஞ்சின்களும், 1867ஆம் ஆண்டிலே லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் ஞாபகச் சின்னங்களும் சிறப்பாகப் பேணப்பட்டிருக்கின்றன. தகப்பன் தொழிற்சாலையிலும் தாய் மலையிலும் வேலை செய்கின்ற பிள்ளைக்கு அந்த யந்திரங்கள் மிகுந்த ஆவலைத் தரும். இரண்டையும் ஒரே நாளில் பார்த்த பிள்ளை, ஓரிடத்தில் யந்திரம் இருக்கிறது, துரை இருக்கிறார், கொழுந்து பறித்த கை எங்கே என்றும், மற்றோரிடத்தில் கை இருக்கிறது, அது உண்டாக்கிய பணம் எங்கே போயிற்று என்றும் கேட்கக் கற்றுக்கொள்ளும். ஒரு நூதனசாலை எதைச் சேர்க்கிறது, எதை விடுகிறது என்று கவனிக்கும் பழக்கம் பதின்மூன்று வயதில் வந்துவிட்டால், பிற்காலத்தில் அந்தப் பிள்ளை பத்திரிகையையும் பாடப்புத்தகத்தையும் அரசியல் மேடையையும் அதே கவனத்தோடு அணுகும்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. நாட்சம்பளத்தில் ஜீவிக்கின்ற பெற்றோரிடம் பஸ் கூலி கேட்கும்போது, கொடுக்க இயலாத வீட்டுப் பிள்ளை வயிற்றுவலி என்று சொல்லி நின்றுவிடுவது நாம் அறிந்ததே. முழுப் பாடசாலையையும் ஏற்றிச் செல்லும் ஆசையை விட்டு, தரம் 8 அல்லது 9இல் ஒரே வகுப்பை, அதில் ஒருவரையும் விடாமல், அழைத்துச் செல்வது மேல். கோவில் பரிபாலன சபையும் தொழிற்சங்கமும் தோட்ட நிர்வாகமும் ஒரு பஸ்ஸின் செலவைத் தம்மிடையே பகிர்ந்துகொள்வது பெரிய காரியமன்று.

அதுவும் கைகூடாத வருஷத்தில் பதுளையிலேயே பார்ப்பதற்கு விஷயம் உண்டு. நகர நூலக வளவிலே பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டுத் தூணொன்று நிற்கிறது. மகியங்கனைக்கு அருகே சொரபொர குளத்தின் பக்கத்திலிருந்து 1857ஆம் ஆண்டில் கொண்டுவரப்பட்ட அத்தூண், சந்தையில் உத்தியோகத்தர் நியாயமற்ற வரி அறவிடக்கூடாதென்று வியாபாரிகளின் முறைப்பாட்டின் பேரில் உதயன் என்ற அரசன் விதித்த கட்டளைகளைத் தாங்கி நிற்கிறது. எளியவர் சொன்ன முறைப்பாடு ஆயிரம் ஆண்டுகளாகக் கல்லில் இருக்கிறது என்பதைத் தோட்டத்துப் பிள்ளை அறிவது நல்லது. சற்றுத் தூரத்தில் புனித மாற்கு தேவாலயம் இருக்கிறது. 1845ஆம் ஆண்டிலே அப்புத்தளையில் இடி விழுந்து மாண்ட மேஜர் ரொஜர்ஸின் ஞாபகமாக எழுப்பப்பட்டது அது. ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றவரென்று பேசப்படும் அந்த ஆங்கில அதிகாரிக்கு ஒரு கோயிலே ஞாபகச் சின்னமாயிற்று. அக்காலத்தில் ஊவாவிலே காடு வெட்டிக் கோப்பி நட்ட தொழிலாளரின் பெயர்களுள் ஒன்றையேனும் நகரத்தில் எங்கும் காணோம். பதுளை ரயில் நிலையத்துக்கு வந்தால், 1885ஆம் ஆண்டிலே நானுஓயாவுக்கும் 1894ஆம் ஆண்டிலே பண்டாரவளைக்கும் வந்துவிட்ட ரயில், பதுளையை எட்டுவதற்கு 1924ஆம் ஆண்டுவரை ஆயிற்றென்று சொல்லலாம். இங்கிருந்து புறப்பட்டு, ஸ்தானத்தின் அடியிலேயே சுரங்கம் குடைந்து பாதை சுழன்று செல்லும் தெமோதரையையும், அப்பாலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்தையும் கண்டு, எல்லவில் இறங்கித் திரும்புவது ஒரு பகற்பொழுதுக்குள் முடிகின்ற பிரயாணம். அந்தப் பாலத்தைப் புகைப்படமெடுக்க உலகின் பல தேசங்களிலிருந்தும் ஜனங்கள் வருகிறார்கள். அதை அடுத்த தோட்டங்களில் வாழும் பிள்ளைகளுள் எத்தனை பேருக்கு அது எப்போது, எவரால், எதற்காகக் கட்டப்பட்டதென்று நாம் சொல்லியிருக்கிறோம்?

இந்தப் பிரயாணங்களுக்கு அயலிலுள்ள சிங்களப் பாடசாலையின் ஒரு வகுப்பையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நலம். கெப்பெட்டிபொலவின் தலைமையிலே 1818ஆம் ஆண்டு ஊவா மக்கள் எழுந்ததும், அந்த எழுச்சியை அடக்கிய ஆட்சியார் கிராமங்களையும் வயல்களையும் அழித்ததும், 1840ஆம் ஆண்டு முடிக்குரிய காணிச் சட்டத்தால் பெருநிலப்பரப்பு அரசுக்குரியதாகிப் பின்னர் தோட்டத் துரைமாரின் கைக்குப் போனதும் கிராமத்துப் பிள்ளையின் சரித்திரம். அந்நிலத்தில் உழைக்கக் கொண்டுவரப்பட்டவர்களின் கதை தோட்டத்துப் பிள்ளையின் சரித்திரம். ஒன்றையறியாமல் மற்றொன்றைப் படித்தவர்கள், தமக்கு வந்த தீங்கை மற்றவர் செய்ததாகவே எண்ணி வளர்ந்ததற்கு இம்மாகாணம் போதிய விலை கொடுத்திருக்கிறது.

சுற்றுலாவிலிருந்து திரும்பிய பின்பு பிள்ளைகளின் கொப்பிகளையும் படங்களையும், வீடுகளிலிருந்து இரவலாக வாங்கிய பொருள்களையும் பாடசாலை மண்டபத்தில் ஒரு வாரம் காட்சிக்கு வைத்து, தோட்டத்து முதியவர்களை முதல் விருந்தினராக அழைக்க வேண்டும். இரவல் வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும், அது செம்புக் குடமானாலும் பழைய செக்ரோல் தாளானாலும், உரியவரின் பெயரெழுதிப் பற்றுச்சீட்டுக் கொடுத்து, குறித்த நாளில் அவர் கையிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். ஏழையின் பொருளென்று அசட்டையாக நடந்துகொண்டால் இரண்டாம் முறை எவரும் நம்பித் தரமாட்டார்கள். பழைய பத்திரங்களையும் படங்களையும் பிரதியெடுத்துப் பாதுகாப்பது இங்கே மற்ற இடங்களைவிட அவசரமான வேலை. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது மாண்ட உயிர்களுக்காக நாடே அழுதது. ஒரு லயம் புதையும்போது அதனுள்ளிருந்த தகரப் பெட்டிகளும், அவற்றுள்ளிருந்த கல்யாணப் படங்களும் பிரஜாவுரிமைப் பத்திரங்களும், ஒரு தோட்டத்தின் ஞாபகமுமே மண்ணுக்குள் போய்விடுகின்றன.

இதனாலேயே ஊவாவுக்கென்று ஒரு தொழிலாளர் நூதனசாலை வேண்டும் என்கிறேன். தனித்தனி வீடுகளுக்காகக் குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணி என்ற திட்டம் வந்தபின், சில தோட்டங்களில் ஜனங்கள் லயங்களை விட்டு வெளியேறத் தொடங்கியிருக்கிறார்கள். எல்லோரும் வெளியேறும் நாள் விரைவில் வர வேண்டும். லயங்கள் இடிபடும்போது எவரும் கண்ணீர் விட வேண்டியதில்லை. ஆயினும் கடைசி லயத்தை இடிப்பதற்கு முன்பு, பதுளை மாவட்டத்திலே சரிவு அபாயமில்லாத ஒரு தோட்டத்தில் ஒரு வரிசையை மாத்திரம் விட்டுவைக்கும்படி கம்பனியாரையும் மாகாண சபையையும் கேட்க வேண்டும். லிப்டன் 1890ஆம் ஆண்டிலே கட்டிய டம்பேதென்னைத் தொழிற்சாலையைப் பார்க்க வரும் வெளிநாட்டார், அதில் உழைத்தவர்கள் வாழ்ந்த விதத்தையும் பார்க்க ஓரிடம் அப்போது இருக்கும். பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆவணங்களைப் பட்டியலிட்டுப் பேணும் முறையைப் பாடசாலைகளுக்குக் கற்றுக்கொடுக்க அதன் ஆசிரியர்கள் முன்வர வேண்டும்.

இது ஆண்டுகள் பிடிக்கும் வேலை. அதுவரைக்கும் செய்யக்கூடியது சிறியது: அடுத்த தவணைக்கான சுற்றுலா விண்ணப்பத்தை வலயக் கல்விப் பணிப்பாளருக்கு அனுப்புகின்ற தோட்டப் பாடசாலை அதிபர், பேராதனைக்கும் கண்டிக்கும் முன்னால் கம்பளை என்ற பெயரையும் அதிலே எழுதி, ஒரு மாதம் முன்பாகவே கொப்பிகளைப் பிள்ளைகளின் கையில் கொடுத்துவிட வேண்டும்.